காலணாப் பத்திரிகையும் துப்பறியும் கிழவரும்

பாரிஸில் 1863இல் 'லெ பெத்தி ஜூர்னால்' நாளிதழைத் தொடங்கிய மொயீஸ் மியோ, விலையை வெறும் 5 சாந்தீம் என்று வைத்தார். அரசியல் எழுதும் பத்திரிகைகளுக்கு அப்போது முத்திரை வரி இருந்தது. மியோ அரசியல் பக்கமே போகவில்லை. கொலைச் செய்திகளையும் தொடர்கதைகளையும் போட்டுத் தாள்களை விற்றார்.

அவருக்குக் கிடைத்த பொக்கிஷம் எழுத்தாளர் எமில் கபோரியோ. 'லெரூஜ் வழக்கு' என்ற அவருடைய கதை 1865இல் வேறொரு பத்திரிகையில் வந்தபோது சீந்துவார் இல்லை. மறு ஆண்டு மியோவின் இன்னொரு பத்திரிகையான 'லெ சொலேய்' அதையே திரும்ப வெளியிட்டது; வாசகர்கள் மொய்த்தார்கள்.

கதையில் துப்புத் துலக்குபவர் தபாரே. அடகு நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். சொத்து வந்ததும் வேலையை விட்டுவிட்டு, போலீஸ்காரர்களின் நினைவுக்குறிப்புகளைப் படித்துப் படித்துத் துப்பறியும் பித்துப் பிடித்தவர். பாரிஸுக்கு வெளியே ஒரு விதவை கொல்லப்பட்ட வீட்டுக்குள் நுழைகிறார். தூசியில் வட்டத் தடம்: கொலையாளி உயரமான தொப்பியைக் கழற்றி வைத்திருக்கிறான். சுருட்டுத் துண்டில் பல்லும் படவில்லை, எச்சிலும் இல்லை: குழல் வைத்துப் புகைத்திருக்கிறான். பணக்கார வீட்டு இளைஞன் என்று முடிவு கட்டுகிறார்.

இந்த வேலையைப் போலீஸ்காரரிடமே கொடுத்திருக்கலாமே? அன்றைய பிரான்சில் அது அத்தனை எளிதல்ல. பாரிஸின் குற்றப் புலனாய்வுப் பிரிவை உருவாக்கிய விடோக், சிறையிலிருந்து தப்பி ஓடிய பழைய கைதி. தன்னைப் போன்றவர்களையே வேலைக்கும் சேர்த்தவர். கதை வெளிவந்த மூன்றாம் நெப்போலியன் காலத்திலோ, போலீஸ் என்றாலே ஒற்றர் என்றுதான் மக்கள் நினைத்தார்கள். சம்பளம் வாங்காத தபாரேயை அவர்களால் நம்ப முடிந்தது.

ஆனால் கபோரியோ அவரையும் சும்மா விடவில்லை. தபாரே காட்டிக்கொடுத்த பிரபு வீட்டுப் பிள்ளை நிரபராதி. கொலை செய்தவன், தபாரே தன் மகனைப் போல நேசித்த இளம் வக்கீல். கதை முடிவில் கிழவர் மரண தண்டனையை ஒழிக்கக் கோரி மனுக்களுக்குக் கையெழுத்துத் திரட்டுகிறார்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் துப்பறியும் வேலை பத்திரிகைக்காரன் கைக்கே வந்தது. நீதிமன்றச் செய்திகள் எழுதிப் பழகிய காஸ்தோன் லெரூ, 1907இல் 'மஞ்சள் அறையின் மர்மம்' எழுதினார். அதன் நாயகன் ரூல்தாபீய், பதினெட்டு வயது நிருபன். உள்ளே தாழிட்ட அறையில் ஒரு பெண் தாக்கப்படுகிறாள், தாக்கியவன் மாயமாகிவிடுகிறான். வெர்சாய் நீதிமன்றத்தில் நிற்கும் ரூல்தாபீய், மாலை ஆறரை மணிவரை குற்றவாளியின் பெயரைச் சொல்ல மறுக்கிறான். பிறகு சொல்கிறான்: லார்சான், இந்த வழக்கை விசாரிக்க அரசு அனுப்பிய புகழ்பெற்ற போலீஸ் துப்பறிவாளர்.