தொடுதிரையின் கதை – 9: சட்டைப்பையில் ஒரு மரக்கட்டை

ஐபிஎம் சைமனைப் போன வாரமே வழியனுப்பிவிட்டோம். அடுத்த பெயராக எல்லோரும் உச்சரிப்பது ஆப்பிளின் நியூட்டன். இன்றைய போன், டேப்லெட் அத்தனைக்கும் அதுவே மூதாதை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1993 ஆகஸ்டில் 699 டாலர் விலையோடு வந்த அந்தக் கருவி சட்டைப்பையில் அடங்கவில்லை. போதாததற்கு, யார் எப்படிக் கிறுக்கினாலும் படித்துவிடுவேன் என்ற வீம்பு வேறு. அது படித்த லட்சணத்தை கேரி ட்ரூடோ தன் 'டூன்ஸ்பரி' சித்திரத் தொடரில் வைத்துக் கிண்டலடிக்க, நியூட்டனின் மானம் கப்பலேறியது. பின்னாளில் அது நன்றாகவே படிக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள் ஊர் சிரித்து முடித்திருந்தது.

என் கணக்கில் நாயகன் ஜெஃப் ஹாக்கின்ஸ்தான். அவர் தொடங்கிய பாம் கம்பெனி கேசியோவோடு சேர்ந்து செய்த ஜூமர் கருவியும் அதே 1993-ல் மண்ணைக் கவ்வியது. மனிதர் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பை அளவுக்கு அறுத்து, அதைக் கையோடு வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை வெளியே எடுத்து, அதில் நாட்குறிப்பு இருப்பதுபோலக் குச்சியால் தட்டிப் பார்ப்பார். எத்தனை பொத்தான் வேண்டும், எது வேண்டாத சுமை என்பது அந்தக் கட்டையில்தான் முடிவானது. 1996-ல் 299 டாலருக்கு பாம் பைலட் வந்தது. இரண்டு சிறிய பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடியது. எழுத்து விஷயத்தில் ஹாக்கின்ஸ் செய்த சமரசம் இன்னும் அழகு: திரையின் அடியில் சின்னக் கட்டம், அதில் குறுக்குக்கோடு இல்லாத 'ஏ', ஒரே இழுப்பில், அடுத்த எழுத்தும் அதே இடத்தில், அதன் தலைமேலேயே. கருவி மனிதனின் கிறுக்கலை முழுதாகக் கற்பதைவிட, மனிதன் ஓர் அடி இறங்கி வருவது சுலபம் என்று கண்டுகொண்டவர் அவர்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. நியூட்டனுக்காகவே ஏகார்னோடும் விஎல்எஸ்ஐயோடும் சேர்ந்து 1990-ல் ஆப்பிள் தொடங்கியதுதான் ஏஆர்எம். இன்றைய போன்களெல்லாம் அதன் சிப் வடிவமைப்பில் ஓடுகின்றன என்பார்கள். உண்மைதான், பெரிய கொடைதான். ஆனால் பையிலிருந்து எடுத்தவன் முதலில் எதைத் தொடுவான் என்பதை எந்தச் சிப்பும் சொல்லித்தராது. ஒற்றை இழுப்பு எழுத்து எங்களுடையது என்று ஜெராக்ஸ் 1997-ல் வழக்குப் போட்டதையும் எடுத்துக்காட்டுவார்கள். ஜெராக்ஸின் குறிகளில் பெரும்பாலானவை அகரவரிசையோடு ஒட்டாதவை. தெரிந்த எழுத்தின் சாயலை விடாமல் அதைச் சாமானியன் கைக்குக் கொண்டுவந்தது பாம்தான். குச்சியே தேவையில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2007-ல் கேலி செய்தாரே என்பது மூன்றாவது வாதம். குச்சி போனது சரி. பொத்தானை அழுத்தியதும் விழிக்கும் திரை, வரிசை கட்டிய சின்னங்கள், கணினியோடு இணைத்துத் தகவலை ஒத்துப்பார்ப்பது எல்லாம் பாம் பழக்கிய வழக்கங்கள். முதல் ஐபோனையும் கணினியில் செருகித்தான் உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. அந்த ஐபோனின் பிறப்பைச் சொல்வதாக இருந்த வாரம் இது. ஹாக்கின்ஸ் இடத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம், ஆப்பிள் 2005-ல் விலைக்கு வாங்கிய ஃபிங்கர்வொர்க்ஸிலிருந்து.