ரீத்தம்மாளும் முத்தம்மாளும்

எங்க சாகுபுரத்தை ஒட்டின கடற்கரை ஊர்கள்ல ரீத்தா, ரீத்தம்மாள்னு பேர் உள்ள பாட்டிகள் உண்டு. வெள்ளைக்காரப் பேருன்னு ஒதுக்கிடாதீங்க மக்களே!

இத்தாலியில், காஸ்யா ஊர்ப் புனித ரீத்தாவுக்கு (புனிதர் பட்டம் 1900-ல்) ஞானஸ்நானப் பெயர் மார்கரீத்தா. தலை போய் வால் மட்டும் நின்றதுதான் ரீத்தா. மார்கரீத்தா என்ற கிரேக்க வழிச் சொல்லுக்கு அர்த்தம்? முத்து! ஆக, மேலத்தெரு முத்தம்மாளும் கடற்கரை ரீத்தம்மாளும் ஒரே பேர்க்காரங்க. :)

இதே கொற்கைக் கடலில் கைதிகளை விட்டு முத்தெடுத்ததை முதல் நூற்றாண்டிலேயே கிரேக்க 'பெரிப்ளூஸ்' எழுதி வெச்சிருக்கு. (பாவம், மூச்சடக்கினவன் எவனோ, மாலை போட்டவள் எவளோ.)

தூத்துக்குடியில் அரசு நடத்தின முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னுபோச்சு. இப்ப பேத்திகளுக்கும் ரீத்தான்னு வைக்கிறது குறைஞ்சுக்கிட்டே வருது. எனக்கு அதுதான் வருத்தம்.