தனக்கென ஓர் அவை இல்லாத நாடு: ஆங்கில அடையாளமும் மேற்கு லோதியன் வினாவும்

தமிழ்ப் பாடநூல்களில் 'ஆங்கிலேயர் ஆட்சி' என்னும் தொடரை நாம் நெடுங்காலமாக வழங்கி வருகின்றோம். இங்கிலாந்து, பிரிட்டன், ஐக்கிய முடியரசு ஆகிய மூன்றும் நம் வழக்கில் ஏறக்குறைய ஒருபொருட் சொற்களாகிவிட்டன. மலாயாத் தோட்டங்களில் 'துரை' என்று அழைக்கப்பட்ட மேலாளருள் ஸ்காட்லாந்தியர் பலர் இருந்தனர் என்பதும், 1821இல் சிங்கப்பூரில் வணிகம் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர் என்பதும் இத்தொடரில் மறைந்துபோகின்றன. இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. சட்டங்களில் 'இங்கிலாந்து' என வருமிடமெல்லாம் அது வேல்ஸையும் குறிக்கும் என 1746ஆம் ஆண்டின் சட்டமொன்று விதித்தது. அவ்விதி 1967 வரை நடப்பில் இருந்தது. 1966இல் இங்கிலாந்துக் காற்பந்து அணி உலகக் கிண்ணத்தை வென்றபோதுகூட அரங்கில் மிகுதியாக அசைந்தது ஒன்றியக் கொடியே. செயின்ட் ஜார்ஜின் செஞ்சிலுவைக் கொடி பெருவழக்கானது 1996ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியின் போதுதான்.

ஓர் இனம் தன் பெயரையும் தான் ஆண்ட ஒன்றியத்தின் பெயரையும் பிரித்துணராமல் இருந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்தபோது, சட்டப்படி இரு நாடாளுமன்றங்களும் முடிவுற்றுப் புதிய நாடாளுமன்றம் ஒன்று தோன்றியது. நடைமுறையிலோ எடின்பரோவில் இருந்த அவை மூடப்பட்டது. வெஸ்ட்மினிஸ்டரில் இருந்த அவை அதே கட்டடத்தில், அதே மரபுகளோடு தொடர்ந்தது. அங்கிருந்த 513 உறுப்பினர்களோடு ஸ்காட்லாந்தின் 45 பேர் சேர்ந்துகொண்டனர். ஸ்காட்லாந்து தன் திருச்சபையையும் நீதிமுறையையும் பல்கலைக்கழகங்களையும் தனியே காத்துக்கொண்டது. இங்கிலாந்து எதனையும் தனியே காத்துக்கொள்ள வேண்டிய தேவை எழவில்லை. எல்லாம் தன்னுடையதே என்றிருப்பவன் எல்லைக்கல் நடுவதில்லை அல்லவா? டிரினிடாட்டில் பிறந்த சமூகவியலாளர் கிருஷன் குமார், ஆங்கிலத் தேசிய அடையாளத்தின் உருவாக்கம் பற்றி 2003இல் வெளியிட்ட நூலில், பேரரசை ஆளும் மக்கள் தம் இனப்பெருமையை உரக்கப் பேசாமல் தாம் மேற்கொண்ட 'பெரும்பணி'யிலேயே தம்மைக் கண்டனர் என்னும் கருத்தினை விரிவாக நிறுவியுள்ளார். அக்கருத்து பெரிதும் பொருந்துவதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் பேரரசு மறைந்த பின்னரும் அவ்வடையாளம் தெளிவுபெறாமைக்கு அது மட்டுமே விடையாகாது. அவை இல்லாமையும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்க முயன்ற கிளாட்ஸ்டனே இச்சிக்கலை முதலில் நேர்கொண்டவர். 1886இல் அவர் கொண்டுவந்த சட்ட முன்வரைவு, டப்ளினில் ஓர் அவை அமைத்து, ஐரிஷ் உறுப்பினர்களை வெஸ்ட்மினிஸ்டரிலிருந்து முற்றாக நீக்க எண்ணியது. அவ்வாறாயின் பிரதிநிதித்துவம் இன்றி வரிவிதிப்பதாகும் என்ற மறுப்பு எழுந்தது. முன்வரைவு 343க்கு 313 என்னும் வாக்குகளில் தோற்றது. 1893இல் வேறு வழி தேடினார்: ஐரிஷ் உறுப்பினர் 80 பேர் இருப்பர், ஆனால் பிரிட்டனுக்கு மட்டும் உரியவற்றில் வாக்களியார். எது எவருக்கு உரியது என வரையறுக்க இயலாமல் அவ்விதியும் கைவிடப்பட்டது. நீக்குவது அநீதி, வைத்துக்கொள்வது அநீதி, பாதி வைத்துக்கொள்வது இயலாதது என்னும் மூன்று முட்டுச்சந்துகளும் அந்த ஏழாண்டுகளுக்குள் கண்டறியப்பட்டுவிட்டன. பின்வந்தோர் புதிதாக எதனையும் கண்டனர் எனச் சொல்வதற்கில்லை.

1921 முதல் 1972 வரை வட அயர்லாந்துக்கு ஸ்டோர்மான்ட்டில் தனி நாடாளுமன்றம் இருந்தது. அதற்கு ஈடாக வெஸ்ட்மினிஸ்டரில் அதன் இடங்கள் 13 ஆகவும், பின்னர் 12 ஆகவும் குறைத்து வைக்கப்பட்டன. இத்தகைய பேரம் நம் வட்டாரத்துக்கும் புதிதன்று. 1963இல் மலேசியா உருவானபோது, கல்வியிலும் தொழிலாளர் நலனிலும் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூருக்குக் கூட்டரசு மக்களவையின் 159 இடங்களுள் 15 மட்டுமே ஒதுக்கப்பட்டன. மக்கள் தொகைக்கு ஏற்பக் கிடைத்திருக்க வேண்டியதைவிட இது குறைவு. உள்நாட்டில் மிகுந்த அதிகாரம், நடுவணில் குறைந்த குரல் என்னும் அவ்வேற்பாடு ஈராண்டுகூட நிலைக்கவில்லை.

1977 நவம்பரில், ஸ்காட்லாந்து முன்வரைவு விவாதத்தின்போது, மேற்கு லோதியன் தொகுதி உறுப்பினர் டாம் டேல்யல் பழைய வினாவைப் புதிதாக எழுப்பினார். ஸ்காட்லாந்தின் கல்வி பற்றி ஆங்கில உறுப்பினர் வாக்களிக்க இயலாதபோது, இங்கிலாந்தின் கல்வி பற்றித் தாம் மட்டும் எவ்வாறு வாக்களிக்கலாம் என்பது அவர் கேட்டதன் சாரம். கேட்டவர் ஸ்காட்லாந்தியர். அதற்கு 'மேற்கு லோதியன் வினா' எனப் பெயரிட்ட இனாக் பவல் ஆங்கிலேயராயினும் அப்போது வட அயர்லாந்தின் தொகுதி ஒன்றின் உறுப்பினர். இங்கிலாந்துக்காகப் பேசும் பணிகூடப் பிறர் தொகுதிகளிலிருந்தே நடந்தது என்பது நகைமுரண்.

1997இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து 74.3 விழுக்காட்டு ஆதரவையும், வேல்ஸ் வெறும் 50.3 விழுக்காட்டையும் தன்னாட்சிக்கு அளித்தன. 1999இல் அவைகள் கூடின. அவ்வாண்டு லார்ட் சான்சலராக இருந்த இர்வைன் பிரபு, இவ்வினாவுக்குச் சிறந்த விடை அதனைக் கேட்காமல் இருப்பதே என்றார். ஆனால் 2004 ஜனவரி 27ஆம் நாள் அவ்வினா தானே எழுந்து நின்றது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு 3,000 பவுண்டு வரை கட்டணம் பெற வழிசெய்யும் முன்வரைவு 316க்கு 311 என்னும் வாக்குகளில் பிழைத்தது. ஆளுங்கட்சியின் ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் துணைநில்லாதிருந்தால் அது வீழ்ந்திருக்கும். அவர்தம் தொகுதி மாணவருக்கோ அக்கட்டணம் குறித்து எடின்பரோவே முடிவு செய்தது.

இங்கு அநீதி இருந்ததா? இருந்தது என்றே கொள்கிறோம். கட்டணம் செலுத்தும் மாணவர், அதற்கு வாக்களித்தவரைத் தேர்தலில் தண்டிக்க இயலாது. ஆயினும் பழியை ஸ்காட்லாந்து மக்கள்மேல் ஏற்றுவது பொருந்தாது. தன் கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பை அமைச்சரவை அவ்வாக்குகளைக் கொண்டு சமாளித்தது என்பதே நடந்தது. மேலும், 1970களின் இறுதியில் வகுக்கப்பட்ட பார்னட் வாய்பாட்டின்படி, இங்கிலாந்தின் செலவு கூடினாலோ குறைந்தாலோ மக்கள் தொகை விகிதப்படி ஸ்காட்லாந்தின் நிதியும் மாறும். ஆதலின் 'முற்றிலும் ஆங்கிலேயருக்கே உரிய' சட்டம் என்பது தோன்றுமளவு எளிய வகைப்பாடன்று.

இங்கிலாந்து மக்கள் இதற்கு என்ன தீர்வை விரும்பினர்? தனி நாடாளுமன்றம் வேண்டும் என்ற குரல் பெருந்திரளாக எழவில்லை. ஒன்றியத்தின் மக்கள் தொகையில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினைக் கொண்ட ஒரு நாடு கூட்டாட்சியின் ஓர் உறுப்பானால் அக்கூட்டாட்சி நிலைகுலையும் என்று 1973இலேயே கில்பிராண்டன் ஆணையம் எச்சரித்திருந்தது. மண்டல அவைகளை நிறுவும் முயற்சியும் பலிக்கவில்லை. 2004 நவம்பரில் வடகிழக்கு இங்கிலாந்து வாக்காளருள் 77.9 விழுக்காட்டினர் அதனை மறுத்தனர்.

2014 செப்டம்பர் 18இல் ஸ்காட்லாந்து பிரிவினையை மறுத்த மறுநாள் காலையிலேயே, ஆங்கிலச் சட்டங்களுக்கு ஆங்கில வாக்குகள் வேண்டும் என்றார் பிரதமர் டேவிட் கேமரன். 2015 அக்டோபரில் மக்களவையின் நிலையாணைகள் அதற்கேற்பத் திருத்தப்பட்டன. இங்கிலாந்துக்கு மட்டும் உரியவை எனச் சபாநாயகர் சான்றளித்த பிரிவுகளுக்கு ஆங்கில உறுப்பினரின் இசைவும் தேவையாயிற்று. இது தடுக்கும் உரிமையேயன்றி நிறைவேற்றும் உரிமையன்று. 2016 மார்ச்சில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் ஞாயிற்றுக்கிழமை வணிக நேரத்தை நீட்டிக்கும் திட்டம் 317க்கு 286 எனத் தோற்றபோது இவ்வேறுபாடு வெளிப்பட்டது. ஸ்காட்லாந்துத் தேசியக் கட்சியினரின் வாக்குகளே அதனை வீழ்த்தின. புதிய நடைமுறையால் எதுவும் செய்ய இயலவில்லை. 2021 ஜூலையில், அதனைக் கொண்டுவந்த கட்சியின் ஆட்சியே அதனை நீக்கியது. வீதியில் எவரும் எதிர்த்து முழங்கவில்லை.

இவ்வமைதியைக் கொண்டு ஆங்கில அடையாளம் வலுவற்றது என முடிவுகட்டுவதும் தவறாகும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் 57.7 விழுக்காட்டினர் தம்மை 'ஆங்கிலேயர்' என்று மட்டும் பதிந்தனர். 2021இல் அது 14.9 ஆகச் சரிந்தது. ஆனால் 2021ஆம் ஆண்டு வினாத்தாளில், இங்கிலாந்தில் 'பிரிட்டிஷார்' என்னும் விடை முதலிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. இம்மாற்றத்துக்கு அதுவே பெரிதும் காரணமாகலாம் எனப் புள்ளியியல் அலுவலகமே குறிப்பிட்டது. விடைகளின் வரிசை மாறியதும் மாறிவிடும் ஓர் அடையாளத்தை எவ்வாறு மதிப்பிடுவது? ஸ்காட்லாந்தியருக்கு இக்கேள்வி குழப்பம் தருவதில்லை; அவர்தம் அவையும் நீதிமன்றமும் பள்ளியும் நாள்தோறும் விடையை நினைவூட்டுகின்றன. இங்கிலாந்துக்கு அவ்வாறு நினைவூட்ட ஒரு காற்பந்து அணி உண்டு. அதுவும் ஆட்டத்துக்கு முன் பாடுவது ஒன்றியத்தின் நாட்டுப்பண்ணையே.

2024 டிசம்பரில் வெளிவந்த வெள்ளை அறிக்கை, இங்கிலாந்தெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர்களுக்குப் போக்குவரத்து, வீடமைப்பு, தொழிற்பயிற்சி முதலிய துறைகளில் கூடுதல் அதிகாரம் வழங்க முன்மொழிந்தது. சட்டமியற்றும் அதிகாரம் அவற்றுள் இல்லை. 2024 பொதுத்தேர்தலில் அமைந்த மக்களவையின் 650 இடங்களுள் 543 இங்கிலாந்துக்கு உரியவை. எஞ்சிய 107 தொகுதிகளின் உறுப்பினர்களும் அங்கு ஆங்கில மருத்துவமனைகள் பற்றிய சட்டங்களுக்கு வாக்களிக்கும் முழு உரிமை உடையவர்கள்.