பேறு எந்தக் காலத்தது?

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழன்பர் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சந்தித்து உரையாடுவதைச் சற்றே செவிமடுத்தால் ஒன்று புலனாகும். அவர்கள் பேச்சில் இன்பத்தைக் குறிக்கும் வினைகள் பெரும்பாலும் எதிர்காலத்திலேயே வரும். மாற்றல் உத்தரவு வந்ததும் நிம்மதி பிறக்கும். பெண்ணின் திருமணம் முடிந்ததும் நிம்மதி பிறக்கும். ஓய்வு பெற்று ஊரில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டால் நிம்மதி பிறக்கும். யானும் இவ்வரிசையில் நிற்பவனே. அரசாங்கக் கோப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது என் தொழில். ‘ஆவன செய்யப்படும்’ என்னும் தொடரை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த எதிர்காலம் என்று நிகழ்காலம் ஆகும் என்பதை எந்தக் கோப்பும் கூறியதில்லை.

இன்பம் இன்றைக்கு உரியதா, நாளைக்கு உரியதா? இவ்வினாவைக் கத்தோலிக்கத் திருச்சபையின் சிந்தனையாளர்கள் எட்டுச் சிறு வாக்கியங்களை முன்வைத்துப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அவ்வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

அவ்வாக்கியங்கள் மத்தேயு எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், மலைப்பொழிவின் தொடக்கத்தில் உள்ளன. இயேசு ஒரு மலைமீதேறி அமர்ந்து, இன்னின்னார் பேறுடையார் எனக் கூறுகிறார். உள்ளத்தில் எளியோர், துயருறுவோர், சாந்தமுடையோர், நீதிக்காகப் பசித்திருப்போர், இரங்குவோர், தூய உள்ளத்தோர், அமைதியை உண்டாக்குவோர், நீதியின்பொருட்டுத் துன்புறுவோர் என்னும் எண்மரே அவர்கள். கலிலேயாக் கடலோரத்துக் குன்று ஒன்றில் இதன் நினைவாக 1938-இல் எழுப்பப்பட்ட கோயில், எட்டு வாக்கியங்களைக் குறிக்கும் வகையில் எட்டுப் பக்கங்களுடன் விளங்குகிறது. ஆண்டுதோறும் நவம்பர் 1-ஆம் நாள், புனிதர் அனைவரின் திருவிழாவன்று, கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கப்படுவதும் இப்பகுதியே.

மொழிபெயர்ப்பாளன் கண்ணுக்கு முதலில் படுவது இலக்கணம். கிரேக்க மூலத்தில், ‘இன்னார் பேறுடையார்’ என்னும் முற்பாதியில் வினைச்சொல்லே இல்லை. தமிழைப் போலவே பெயரும் பெயரும் அடுத்து நிற்கின்றன. ‘ஏனெனில்’ என்று தொடங்கும் பிற்பாதியில்தான் காலம் தோன்றுகிறது. இரண்டாவது முதல் ஏழாவது வரை எல்லாம் எதிர்காலம். துயருறுவோர்க்கு ஆறுதல் இனித்தான் கிட்டும், பசித்தோர் இனித்தான் நிறைவடைவர். ஆனால் முதல் வாக்கியமும் எட்டாவது வாக்கியமும் நிகழ்காலத்தில் உள்ளன; விண்ணரசு அவர்களுடையதாகவே இருக்கிறது. இரு கரைகளில் நிகழ்காலம், இடையே ஓடுவது எதிர்காலம். பின்னர் எழுந்த ஆராய்ச்சி யாவற்றிற்கும் இவ்வமைப்பே விதை எனலாம்.

‘மக்காரியோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் கவனித்தற்குரியது. பழங்கிரேக்கக் கவிகள் துன்பமறியாத தேவர்களுக்கு அடைமொழியாக வழங்கிய சொல்லின் வழிவந்தது அது. அச்சொல்லை அழுதுகொண்டிருப்பவனுக்குச் சூட்டினால் கேட்பவர் திகைக்காமல் இருப்பரோ?

அவ்வாறு திகைத்தவர்களில் தலையாயவர் அகுஸ்தீன். 386-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், இத்தாலியில் மிலான் நகருக்கு அணித்தான ஒரு நாட்டுப்புற இல்லத்தில், தம் பிறந்தநாள் விருந்தை முன்னிட்டுத் தாய், மகன், நண்பர்கள் ஆகியோருடன் மூன்று நாள் உரையாடினார். அப்போது அவர் ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை. சொற்பொழிவுக் கலை கற்பிக்கும் உத்தியோகத்தை அப்போதுதான் துறந்திருந்தார். விரும்பியதை அடையாதவன் இன்புற்றிருக்க முடியாது என அனைவரும் ஒப்புக்கொண்டனர். அங்ஙனமாயின் விரும்பியதை அடைந்தவன் இன்புற்றவனா என்று அகுஸ்தீன் வினவினார். நல்லதை விரும்பி அதனை அடைந்தால் இன்புற்றவன்; தீயதை விரும்பினால் அடைந்தும் இரங்கத்தக்கவனே என்று விடை கூறியவர், நூல்களைக் கற்றறியாத அவருடைய தாய் மோனிக்கா. தத்துவத்தின் கோட்டையையே அன்னை பிடித்துவிட்டார் என மகன் வியந்தார். அவ்வுரையாடலே ‘இன்ப வாழ்வு’ என்னும் நூலாயிற்று.

சில ஆண்டுகளுக்குப் பின், ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் குருவாக இருந்தபோது, மலைப்பொழிவுக்கு அவர் ஒரு விரிவுரை எழுதினார். எட்டு வாக்கியங்களையும் அவர் ஒரு படிக்கட்டாகக் கண்டார். செருக்கைக் களையும் எளிமை முதற்படி, அமைதி ஏழாம்படி, எட்டாவது, முதற்படிக்கே திரும்பி அதனை நிறைவு செய்வது. இரண்டிற்கும் விண்ணரசே பரிசாக இருப்பதை அவர் கவனியாமல் விடவில்லை. அந்நூற்றாண்டிலேயே கிழக்கே, நீசா நகரத்து கிரகோரியாரும் எட்டு மறையுரைகளில் இதனை ஏணியாகவே உருவகித்தார். தூய உள்ளத்தோர் கடவுளைக் காண்பது எங்ஙனம் என்பதற்கு அவர் கூறிய உவமை அழகியது. இரும்பின் துருவைச் சாணைக்கல்லால் தேய்த்தால் அது கதிரவனொளியை வாங்கி மீண்டும் வீசும். மனிதன் உள்ளமும் அத்தகையதே என்றார்.

இனி யான் பெரிதும் மதிக்கும் செய்தியைக் கூறுகிறேன். முதுமையில், 427-ஆம் ஆண்டை ஒட்டி, அகுஸ்தீன் தம் நூல்கள் அனைத்தையும் மீண்டும் படித்துப் பிழை திருத்தம் ஒன்று எழுதினார். ஞானியின் உடல் எந்நிலையில் இருப்பினும் அவன் உள்ளம் இவ்வாழ்விலேயே இன்ப வாழ்வில் திளைக்கும் என முன்னர் எழுதியது தவறு என்றார். அமைதி உடையோரின் உள்ளத்தில் எவ்வுணர்ச்சியும் அறிவை எதிர்த்துக் கிளர்வதில்லை என மலைப்பொழிவு விரிவுரையில் எழுதியதையும் திருத்தினார். இவ்வுலகில் அத்தகைய முழு அமைதி எவர்க்கும் வாய்ப்பதில்லை என்பது அவர் கண்ட முடிவு. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 430-இல், வண்டாலர் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த நிலையில் அவர் உயிர்நீத்தார். நிகழ்காலத்தில் எழுதியதை எதிர்காலத்துக்கு மாற்றிய திருத்தம் அது. திருத்துவோர் பலருண்டு, தம் எழுத்தையே அவ்வாறு திருத்துவோர் சிலரே.

அவ்வினா எண்ணூறு ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மீண்டும் எழுந்தது. தாமஸ் அக்குவைனஸ் தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலின் இரண்டாம் பகுதியை 1271-ஆம் ஆண்டளவில் எழுதியபோது, செல்வம், மதிப்பு, புகழ், அதிகாரம், உடல்நலம், சிற்றின்பம் ஆகிய ஒவ்வொன்றிலும் மெய்யின்பம் உண்டோ என நீதிமன்றத்தில் விசாரிப்பதுபோல் விசாரித்து, எதிலும் இல்லை எனத் தீர்ப்பளித்துவிட்டு மலைப்பொழிவுக்கு வந்தார். இப்பரிசுகள் இம்மைக்கு உரியனவா, மறுமைக்கு உரியனவா? மறுமைக்கே என்றார் அம்புரோசியார். இம்மைக்கு என்றார் அகுஸ்தீன். சில இங்கே, சில அங்கே என்றார் கிறிசோஸ்தோம். இங்கே சாட்சிக்கு அழைக்கப்பட்டவர் திருத்தம் எழுதுவதற்கு முந்திய அகுஸ்தீன் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அக்குவைனஸின் விடை ஒரு மரம். மரம் தளிர்விடக் கண்டு, இது காய்க்கும் என நம்புவது ஒருவகை நம்பிக்கை. முதற்கனிகள் தோன்றக் கண்டு நம்புவது வேறுவகை. நல்லோரிடத்தில் இப்பேறு முதற்கனியாக இங்கேயே தோன்றிவிடுகிறது. முழு விளைச்சல் பின்னர் வரும் என்றார்.

முதற்கனி எத்தகையது என்பதைக் காண அரை நூற்றாண்டு பின்செல்ல வேண்டும். 1226-இல் மறைந்த அசிசி நகரத்துப் பிரான்சிஸ், தம் தோழர் லியோவிடம் மெய்யான மகிழ்ச்சி எது என்று கூறியதாக ஒரு வரலாறு உண்டு. பாரிஸின் பேராசிரியர் எல்லாரும் நம் சபையில் சேர்ந்துவிட்டனர் எனச் செய்தி வந்தாலும் அது மெய்ம்மகிழ்ச்சி அன்று. மன்னர்கள் சேர்ந்தாலும் அன்று. நோயாளரைக் குணப்படுத்தும் ஆற்றல் கிடைத்தாலும் அன்று. குளிர்கால நள்ளிரவில், அங்கியின் ஓரத்தில் உறைந்த பனிக்கட்டி கால்களைக் கீறிக் குருதி வழிய, சேற்றில் நடந்து சொந்த மடத்தின் கதவைத் தட்டும்போது, ‘நீ பேதை, இங்கு எமக்கு நீ வேண்டியதில்லை, போ’ என்று உள்ளிருப்பவர் விரட்ட, அப்போதும் மனம் கலங்காதிருந்தால் அதுவே மெய்ம்மகிழ்ச்சி என்றாராம்.

இவ்வரலாற்றில் எனக்கு ஓர் ஐயம் எப்போதும் உண்டு. வாசலில் நிற்பவர் தமக்குத் தாமே இதனைச் சொல்லிக்கொள்வது ஞானம். கதவை அடைத்துக்கொண்டு உள்ளிருப்பவர் வெளியே நிற்பவருக்கு இதனைப் போதித்தால் அதற்குப் பெயர் வேறு. ஏழைகள் மறுமையில் இன்புறுவர் என்று கூறி இம்மையில் அவர்தம் கூலியைக் குறைத்தவர்களும் வரலாற்றில் உண்டு அன்றோ? லூக்காவின் நற்செய்தியில் இவ்வுரை வேறு வடிவில் உள்ளது. அங்கே ‘உள்ளத்தில் எளியோர்’ இல்லை. வெறும் ஏழைகளே உள்ளனர். நான்கு வாழ்த்துகளுக்கு எதிராகச் செல்வருக்கும் உண்டு நிறைந்தவருக்கும் நான்கு எச்சரிக்கைகளும் உள்ளன. 1968-இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள், தம் மக்களின் வறுமையை அநீதி எனவே கூறினர். பெரு நாட்டுக் குருவான குஸ்தாவோ குத்தியெர்ரெஸ் 1971-இல் வெளியிட்ட நூலில், வறுமை நல்லது என்பதால் ஏழைகள் பேறுடையார் ஆகவில்லை. அவ்வறுமையை ஒழிக்கும் இறையரசு தொடங்கிவிட்டமையால் பேறுடையார் ஆயினர் என விளக்கினார். முதல் வாக்கியத்தின் நிகழ்காலம் மீண்டும் உயிர்பெற்றது. 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ், புனித வாழ்வைப் பற்றிய தம் மடலில் ஓர் அதிகாரம் முழுவதையும் இப்பகுதியை மையமாகக் கொண்டே எழுதினார்.

இறுதியாக நம் மொழிக்கு வருவோம். தரங்கம்பாடி அச்சகத்தில் 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறிய காலந்தொட்டு, இந்த ஒரு சொல் மொழிபெயர்ப்பாளர்களைச் சோதித்தே வந்துள்ளது. புரொட்டஸ்டண்ட் சபையார் நெடுங்காலமாக வழங்கும் திருப்புதலில் உள்ள சொல் ‘பாக்கியவான்கள்’. பாக்கியம் என்பது ஒருவனுக்கு வகுக்கப்பட்ட பங்கு. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் உள்ள சொல் ‘பேறுபெற்றோர்’. வீடுபேறு, மக்கட்பேறு என நாம் அறிந்த பேறுதான் அது. கிரேக்கத்தில் காலமே இல்லாத இடத்தில் தமிழ் இங்ஙனம் ஓர் இறந்தகாலத்தை வைத்துவிட்டது. துயருறுவோரைப் பற்றிய வாக்கியத்தை அம்மொழிபெயர்ப்பில் எடுத்துப் பாருங்கள். முற்பாதியில் அவர்கள் ‘பெற்றோர்’. பிற்பாதியில் ஆறுதலைப் ‘பெறுவர்’. இரண்டும் ஒரே வினைப்பகுதியில் பிறந்தவை.