உளவும் நட்பும்: போர்க்கால ஆய்வுச் சான்றுகளும் நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரும்

மலாயாவில் ஜப்பானியர் ஆட்சிக்காலத்தைப் (1941-1945) பற்றி எழுதப்பெற்ற நூல்கள் பலவும் அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகளையும், ஆய்வாளர்கள் அவர்களுடன் கொண்ட நேர்காணல், கடிதத் தொடர்புகளையும் அடிப்படையாகக் கொண்டவை. இச்சான்றுகள் தோட்டத் தமிழர் வரலாற்றுக்கு எவ்வளவு துணைபுரியும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

மேஜர் புஜிவாரா இவாய்ச்சியின் தலைமையில் 1941இல் பாங்காக்கில் இயங்கத் தொடங்கிய உளவுப் பிரிவு 'எஃப் கிக்கான்' எனப்பெற்றது. அவ்வெழுத்து அவருடைய பெயரையும், விடுதலை, நட்பு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களையும் ஒருங்கே குறித்தது. உளவுக்கு நட்பே பெயராயிற்று. பிரீத்தம் சிங், மோகன் சிங் ஆகியோருடன் அவர் மேற்கொண்ட முயற்சியின் பயனாக, 17.2.1942 அன்று சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் கூடிய இந்தியப் போர்க்கைதிகளிடையே இந்திய தேசிய இராணுவத்திற்கு வித்திடப்பட்டது. இவ்வரலாற்றை ஜாய்ஸ் லெப்ரா 1971இல் நூலாக்கினார். புஜிவாராவின் நினைவுக் குறிப்பும் 1983இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இவ்விரண்டிலும் ஓங்கி ஒலிப்பவை அதிகாரிகளின் குரல்களே.

அதே 'நட்பு' தோட்டப்புறத்தில் எவ்வாறு உணரப்பட்டது? கெமாஸிலிருந்து பாகாவ் வழியாகக் கிளந்தான் செல்லும் இருப்புப்பாதையின் பெரும்பகுதித் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்-பர்மா பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதையை 1942-1943இல் அமைக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மீளாதோர் மிகப் பலர். நேதாஜியின் படைக்கும் 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் படைக்கும் ஆள் தந்தவையும் இத்தோட்டங்களே. ஆகவே விடுதலை வேட்கையும் கட்டாய உழைப்பும் ஒரே லயத்து வாழ்வின் இரு கூறுகளாயின. இவற்றுள் ஒன்றைக் கூறி மற்றொன்றை விடுவது வரலாறாகாது.

லெப்ரா 2008இல் ஜான்சி ராணிப் படை பற்றித் தனிநூல் வெளியிட்டமை நோக்கத்தக்கது. கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறதோ அதற்கேற்பவே விடையும் அமையும் என்பதை இஃது உணர்த்துகிறது. ஓர் ஆய்வாளரின் கடிதக் கட்டினைப் படிக்கும்போது, எழுதப்பட்ட விடைகளோடு, கடிதமே எழுதப்பெறாதோர் யார் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும். எழுத்தறிவு வாய்க்காத பால்மரத் தொழிலாளிக்கு எந்த ஆய்வாளரும் மடல் விடுத்திருத்தல் அரிது.

இரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட, குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்துள்ளன. அக்காலத்தைக் கண்டோர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். எனினும், அவர்தம் மக்கள் கேட்டறிந்த செய்திகளும், கோயில் கணக்கேடுகளும், பெட்டியடியில் கிடக்கும் பழைய மடல்களும் இன்னும் திரட்டத்தக்கவை. அவற்றையும் அதிகாரிகளின் கடிதங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டாலன்றி, நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரின் போர்க்கால வரலாறு முழுமை பெறாது.