பொன்னைத் தொடரும் ஒளி

கொழும்பிலே கொட்டாஞ்சேனைக்கு அணித்தேயுள்ள செட்டியார் தெருவில், பொன் என்றால் மஞ்சள் நிறமே. தகடாக அடித்தாலும் கம்பியாக இழுத்தாலும் அந்நிறம் மாறுவதில்லை. ஆயின், ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே நானோமீற்றர். சில பத்து நானோமீற்றர் அளவினவான பொன் துணிக்கைகளை நீரிற் பரப்பினால், அந்நீர் மாணிக்கம் போற் சிவக்கின்றது.

இந்தச் சிவப்பு நீரை 1857 ஆம் ஆண்டிலே இலண்டனில் ஆராய்ந்தவர் மைக்கேல் பரடே. அதனூடே அவர் ஒளிக்கற்றையைச் செலுத்தியபோது, கற்றை சென்ற வழி துலங்கிற்று. துணிக்கைகள் ஒளியைச் சிதறச் செய்தமையே காரணம். எனினும், ஒளியின் அலை நீளத்தினும் சிறியனவாதலால் அவை தனித்தனியே புலப்படவில்லை.

இருண்ட வீட்டிலே கூரைத் துளை வழியே வெயில் பாயும்போது தூசிகள் மின்னுவதை நேயர்கள் கண்டிருப்பர். அம்முறையையே சிக்மண்டி, சீடென்டாப் என்னும் இருவர் கையாண்டனர். 1903 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலே, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சும் நுணுக்குக்காட்டியை அவர்கள் அமைத்தனர். இருளிலே ஒவ்வொரு துணிக்கையும் விண்மீன் போல் ஒளிர்ந்தது. அதன் உருவம் தெரியவில்லை. இருப்பும் அசைவும் தெரிந்தன. 1908 இல் குஸ்தாவ் மீ அந்நிறத்திற்குக் கணித விளக்கம் அளித்தார். சிக்மண்டி 1925 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

உயிர்க்கலத்தினுள்ளே இம்முறை எளிதாக வாய்க்கவில்லை. அங்கே கொழுப்புத் துளிகளும் பிற நுண்பொருள்களும் ஒளியைச் சிதறச் செய்கின்றன. விளக்கு வரிசையில் ஒரு விளக்கைத் தேடுவது போன்ற இடர் அது. 1980களில், நுணுக்குக்காட்டியோடு வீடியோக் கமராவை இணைத்து, உயிருள்ள கலங்களிலே பொன் துணிக்கைகளைப் பின்தொடர்ந்தனர். 2002 இல் பிரான்சின் போர்தோ நகர ஆராய்ச்சியாளர் வேறு வழி கண்டனர். பொன் ஒளியை உறிஞ்சிச் சூடேறுகின்றது. அச்சூட்டினாற் சுற்றுப்புறத்தில் நேரும் மாறுதலை மற்றோர் ஒளிக்கற்றை அறிவிக்கின்றது. ஐந்து நானோமீற்றர்ப் பொன்னும் இதற்குத் தப்பவில்லை. சாயப் பொருள்கள் ஒளிபட்டு வெளிறுவன, பொன்னோ வெளிறுவதில்லை.

வெள்ளவத்தை மருந்துக்கடையிலே கருப்பம் அறிய வாங்கும் பட்டியில் தோன்றும் செங்கோடும் பெரும்பாலும் இப்பொன்னே. அது உடலுக்கு வெளியே நிகழும் சோதனை. மருந்தைச் சுமக்குமாறு உடலுக்குள்ளே செலுத்தும் பொன்னோ எளிதிற் கரையாது. ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடக் கூடியது. எங்கே சென்றது, எத்துணை நாள் நின்றது என்று அறியாமல் அதனை மருந்தென நம்புதல் தகாது. பரடே கண்ட ஒளிவழி இன்று அந்தக் காவற்பணிக்கு உதவுகின்றது.