விரித்த கையும் மூடிய சிப்பும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல் அடித்தளத்தில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைச் சாசனங்கள், அதாவது ஊர் வாரிய உறுப்பினர்களைப் பெயர் எழுதிய ஓலைகளைக் குலுக்கித் தேர்ந்தெடுக்கும் விதிகள், இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டுக்குரியது. இரண்டே வருடத்தில் அதைத் திருத்தி, 921-இல் இன்னொன்று வெட்டினார்கள். வயது வரம்பு, நிலத் தகுதி எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். குடத்தைக் கையாண்ட விதம்தான் சுவாரசியம்.

ஊரின் பகுதிகளான 30 குடும்புகளின் ஓலைக் கட்டுகளும் குடத்தில் விழும். கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் எழுந்து நின்று, சபை முழுக்கப் பார்க்கும்படி குடத்தைத் தூக்குவார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் கட்டு ஒன்றை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் இட்டுக் குலுக்கியபின், ஒரே ஓலையை எடுத்துத் தருவான். வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருந்தால்? அந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை. அவர் வாசித்ததை நம்பிமார் அனைவரும் மறுபடி வாசிப்பார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்கே வராது. அவருடைய உறவினர் பெயரும் வராது.

அங்கே எல்லாம் சபையின் கண்முன் நடந்தது. கணினி சிப் தொழிலின் வழக்கம் இதற்கு நேர்மாறு, உள்ளே இருப்பதை மூடியே வைக்கும். 2008 வாக்கிலிருந்து இன்டெல் தன் சிப் தொகுப்புகளில் ‘மேனேஜ்மென்ட் இன்ஜின்’ என்ற தனிக் குட்டிக் கணினியைச் சேர்த்தே விற்கிறது. நாம் போடும் விண்டோஸோ லினக்ஸோ அதைக் கட்டுப்படுத்த முடியாது. கணினியை அணைத்தாலும் பிளக்கில் மின்சாரம் இருந்தால் அது விழித்திருக்கும். பெரிய அலுவலகங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளைத் தூரத்திலிருந்தே பழுதுபார்க்க இது உதவும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2017 மே மாதம், அந்தத் தொலைநிர்வாக வசதியில் கடவுச்சொல்லுக்கான விடையைக் காலியாக அனுப்பினாலே உள்ளே நுழைய முடிந்தது அம்பலமானது. ஓட்டை பல வருடப் பழையது.

அதே ஆண்டு இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே ஓடியது மினிக்ஸ், மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஆண்ட்ரூ டானன்பாம் எழுதிய இயங்குதளம். அது இத்தனை கணினிகளில் ஓடுவது அவருக்கே தெரியாது! இன்ஜினின் பெரும்பகுதியை முடக்கும் ரகசிய சுவிட்ச் ஒன்றையும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க அரசின் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்காக வைத்தது அது. காசு கொடுத்து வாங்கிய நமக்கு அதைப்பற்றி யாரும் சொல்லவில்லை.

திறந்த சிப்பும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய ‘சக்தி’ சிப், 2018-இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. அதன் வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் கடையில் கிடைக்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் இன்னும் இன்டெல்லோ ஏ.எம்.டி.யோதான்.